மனுவுக்கு அப்பால் பத்து வரி



"எழுத நேரமில்லை" என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். அது பொய்யில்லை. விடிந்தால் வேலை, பொழுது சாய்ந்தால் கூட்டம், நடுவில் காவல் நிலையம், கலெக்டர் ஆபீஸ். நம் பாட்டன் பாட்டிகளின் பொழுதெல்லாம் பண்ணை வேலைக்கே போனது. நிலத்தைப் போலவே நேரமும் நம்மிடமிருந்து பறிக்கப்பட்டதுதான்.

ஆனாலும் எழுதியிருக்கிறார்கள். 1989இல் 'பழையன கழிதலும்' வெளிவந்தபோது சிவகாமி இந்திய ஆட்சிப் பணியில் இருந்தார். 1992இல் மதுரையிலிருந்து வந்த 'கருக்கு'க்குப் பிறகும், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே பாமா எழுதினார். ஓய்வு கிடைக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நாமும் தினம் எழுதத்தான் செய்கிறோம்: புகார், மனு, துண்டறிக்கை. 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டதற்கு வழக்கு ஆவணங்கள் உண்டு. தேதி, இடம், சட்டப்பிரிவு எல்லாம் ஆவணத்தில் நிற்கும். செத்தவர் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரிந்ததா என்பதற்கு எந்த மனுவிலும் இடமில்லை. அதை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

ஆகவே ஒன்றே ஒன்று செய்வோம். மனு எழுதிய கையோடு, பேனாவை மூடுமுன், நம் நோட்டில் பத்து வரி. முடியாவிட்டால், திரும்பி வரும் பஸ்ஸிலாவது.

ஜெய்பீம்.