மஞ்சி வழக்கில் கூலி எங்கே வந்தது?

   

வாடகைத் தாய்க்குக் கூலி கூடாது என்றதே 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாதனை என்று என் சட்டத்துறை நண்பர்கள் எழுதிவருகிறார்கள். (வாடகை போன பிறகும் பெயர் மட்டும் போகவில்லை.) அவர்கள் காட்டும் சாட்சி எப்போதும் மஞ்சி வழக்கு. நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஜப்பானியத் தம்பதியர் குஜராத்தின் ஆனந்த் நகரில் ஒப்பந்தம் போட்டார்கள். விந்தணு கணவருடையது, கருமுட்டை யாரோ தானமாகத் தந்தது, சுமந்தவர் மூன்றாமவர். 2008 ஜூலை 25இல் மஞ்சி என்ற அந்தக் குழந்தை பிறந்தது. அதற்கு முந்தைய மாதமே தம்பதி பிரிந்துவிட்டார்கள். பிறந்த மறுநாள் அகமதாபாத்தில் குண்டுவெடிப்பு. அதனால் குழந்தையை ஜெய்ப்பூருக்குக் கொண்டுபோனார்கள். விசா முடிந்து தந்தை ஊர் திரும்ப, பாட்டிதான் வந்து பார்த்துக்கொண்டார்.

இப்போது பிறப்புச் சான்றிதழில் 'தாயின் பெயர்' என்ற கட்டத்தைப் பாருங்கள். முட்டை தந்தவர் யாரென்று தெரியாது. சுமந்தவர் உரிமை கேட்கவில்லை. பிரிந்துபோன மனைவி தமக்குச் சம்பந்தமில்லை என்றுவிட்டார். மூன்று பெண்கள் இருந்தும் கட்டம் காலி. நகராட்சி தந்தை பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தது. ஜப்பானியச் சட்டத்துக்கோ பெற்றெடுத்தவளே தாய். அங்கேயும் கடவுச்சீட்டு இல்லை, இங்கேயும் இல்லை. இதற்குள் ஒரு தொண்டு அமைப்பு ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டது. பணப் பேச்சு எழுந்தது அந்த மனுவில்தான். பாட்டி உச்ச நீதிமன்றம் போனார். செப்டம்பர் 29ஆம் தேதித் தீர்ப்பு, தாய் யார் என்பதைத் தொடவேயில்லை. பயண ஆவண விண்ணப்பத்தை நான்கு வாரத்துக்குள் முடியுங்கள் என்றது. கடைசியில் ஜெய்ப்பூர் கடவுச்சீட்டு அலுவலகம் ஓர் அடையாளச் சான்றிதழ் தந்தது. அதில் நாடு இல்லை, மதம் இல்லை, தாய் பெயரும் இல்லை. அந்தத் தாளோடு நவம்பரில் குழந்தை ஜப்பான் போய்ச் சேர்ந்தது.

சுமந்தவர் ஒரு பைசா வாங்காதிருந்தாலும் அந்தக் கட்டம் காலியாகத்தானே இருந்திருக்கும்? புதிய சட்டம் அதை நிரப்பியது வேறொரு விதியால்: தொடங்குமுன்பே பெற்றோர் யார் என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்க வேண்டும்; குழந்தை பிறந்தபின் அதுவே பிறப்புப் பிரமாணம். மஞ்சிக்கு மருந்து அதுதான். வெளிநாட்டாருக்குக் கதவடைத்தது தனிக் கணக்கு. இரண்டையும் கூலித் தடையின் பேரில் வரவு வைக்காதீர்கள்.

கூலியைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். மருத்துவருக்குக் கட்டணம் உண்டு, வக்கீலுக்கு உண்டு. சுமப்பவருக்கோ செலவுத் தொகையும் 36 மாதக் காப்பீடும் மட்டுமே.

இந்தச் சட்டத்தில் ஆராய இன்னும் உண்டு. தானக் கருமுட்டையை 2023இல் தடுத்து, 2024இல் மருத்துவக் காரணம் இருந்தால் தளர்த்தினார்கள். விதவையும் விவாகரத்தான பெண்ணும் விண்ணப்பிக்கலாம், மணமாகாதவர் கூடாது. ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டுக்குப் போதும். மாணவர் எவரேனும் அந்த மாஜிஸ்திரேட் உத்தரவுகளை, பெயர்களை மறைத்து, திரட்டலாம். அவற்றில் சுமப்பவரைப் பற்றி எத்தனை வரி என்று எண்ணினாலே ஒரு கட்டுரை தேறும்.