தூக்கமும் வேலைக் கணக்கில் சேர வேண்டும்

(யாழ்ப்பாணத்தில் லொறிச் சாரதிகள், உதவியாளர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



மலையகத்திலிருந்து வந்திருக்கிறோம். நுவரெலியா கரட்டும் லீக்ஸும் திருநெல்வேலிச் சந்தைக்கு வருவது உங்கள் லொறியில். இங்கு விளையும் சின்ன வெங்காயம் தெற்கே போவதும் உங்கள் லொறியில். கிளீனராக ஏறும் பிள்ளைகளில் எங்கள் லயங்களில் பிறந்து எங்களிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஏ9 வீதியில் நடப்பது எங்கள் வீட்டு விஷயம்.

விபத்து நடந்தால், “சாரதி தூங்கிவிட்டான்” என்கிறார்கள். ஏன் தூங்கினான் என்று கேட்பவர் குறைவு. பின்னேரம் மூட்டை ஏற்றி, இரவு முழுக்க ஓட்டி, விடியச் சந்தையில் இறக்கி, மறுபடி ஏற்றினால்தான் ட்ரிப் காசு. கிலோக் கணக்கில் கொழுந்து பறிக்கும் எங்களுக்கு இது புரியும். எடைக்குத்தான் காசு என்றால் காய்ச்சலோடும் மலையேறுகிறோம்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 320 கிலோமீற்றர். மலை இறக்கத்தில் பிரேக்கையே மிதித்து வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். குறைந்த கியரில் இறங்க வேண்டும். 2025 மே 11 விடியற்காலை கொத்மலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்ததை நாங்கள் மறக்கவில்லை. வவுனியா தாண்டினால் வீதி நேராக ஓடும். அங்கே ஆபத்து தூக்கமும், இருட்டில் குறுக்கே நிற்கும் மாடும். முறிகண்டியில் தேங்காய் உடைத்துத் தேத்தண்ணி குடிக்கும்போது அரை மணித்தியாலம் கண்ணயருங்கள். தேத்தண்ணி தூக்கத்துக்கு ஈடாகாது.

சர்வதேச தொழில் அமைப்பு 1979இல் 153ஆம் இலக்கச் சமவாயத்தில் சொன்னது இது: இடைவேளையின்றி 4 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, ஒரு நாளில் மொத்தம் 9 மணித்தியாலம்தான், தொடர்ந்து 10 மணித்தியாலம் ஓய்வு வேண்டும். இலங்கை இதை இன்னும் ஏற்று உறுதிப்படுத்தவில்லை. நாம் கேட்க வேண்டும்.

முதலாளிமாரிடம் கேட்பதும் உண்டு. இரவு நெடும் பயணத்துக்கு அனுமதிப்பத்திரம் உள்ள இரண்டு சாரதிகள் வேண்டும். மூட்டை ஏற்றி இறக்கும் நேரமும் வேலை நேரம். கிளீனர் சாரதியாக விரும்பினால் முறையாகப் பழக்கி அனுமதிப்பத்திரம் எடுத்துக் கொடுங்கள். அதுவரை அவர் கையில் லொறியைக் கொடுக்காதீர்கள். ட்ரிப் காசுக்கு வேலை செய்தாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் கட்ட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம். வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்கச் சட்டம் இருக்கிறது.

தோழர்களே, இந்தக் கிழமையே ஆளுக்கொரு கொப்பி வாங்குங்கள். ஏற்றத் தொடங்கிய நேரம், புறப்பட்ட நேரம், தூங்கிய நேரம், இறக்கி முடித்த நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குக் கிளீனர் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். தொழில் திணைக்களத்தில் வாய்ப்பேச்சைவிட அந்தக் கொப்பி பலமாகப் பேசும். மூன்று மாதக் கணக்கோடு வாருங்கள். சங்கம் உங்களோடு வந்து நிற்கும்.