வெள்ளியில் எரிமலை உண்டா?



விடியுமுன் இறப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்களுக்குப் பழக்கமான விடிவெள்ளி, வெள்ளி என்னும் கிரகமே. அங்கே எரிமலைகள் இன்றும் கனல்கின்றனவா? அடர்ந்த முகில் நிலத்தை முற்றாக மறைப்பதால் கண்ணாற் கண்டு சொல்ல இயலாது.

தீக்குச்சியை உரசியதும் மூக்கில் ஏறும் நெடி கந்தகவீரொட்சைட்டு என்னும் வாயுவினது. எரிமலைகள் இதனை ஏராளமாகக் கக்கும். இவ்வாயு ஊதா கடந்த ஒளியை விழுங்கும் இயல்புடையது. ஆகவே முகிலிற் பட்டுத் திரும்பும் ஒளியில் எவ்வளவு குறைந்ததென்று பார்த்தால் வாயுவின் அளவு தெரியும். 1978இல் அங்கு சென்ற அமெரிக்கப் பயனியர் விண்கலம் முகிலுச்சியில் இதனை மிகுதியாகக் கண்டது. பின் அது ஆண்டுக்காண்டு குறைந்தது. சூரிய ஒளி அதனைக் கந்தக அமிலமாக மாற்றிவிடுமாதலால், முதலில் ஏதோ ஒன்று கீழிருந்து அதனை மேலே தள்ளியிருக்க வேண்டும். அது எரிமலையாகலாம் என்று 1984இல் எஸ்பொசிட்டோ என்னும் அறிஞர் கருதினார். 2006இல் சென்ற ஐரோப்பிய விண்கலமும் அவ்வாறே ஏற்றமும் இறக்கமும் கண்டது.

மலையிற் புகை கண்டு நெருப்பை அனுமானிப்பது நம் தருக்க நூலார் காட்டும் பழைய உதாரணம் அன்றோ! ஆனால் நெருப்பின்றியும் புகை எழக்கூடுமாயின் அவ்வனுமானம் நில்லாது. வெள்ளியின் காற்றோட்டம் மாறினாலும் கீழுள்ள வாயு மேலேறும். எனவே வாயுவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதை நாம் ஏற்பதற்கில்லை.

வேறு சாட்சி பின்னர் கிடைத்தது. மகெல்லன் விண்கலம் 1991இல் எட்டு மாத இடைவெளியில் எடுத்த இரு ராடர்ப் படங்களில், மாட் மலையருகே எரிமலை வாயொன்று உருமாறி அகன்றிருந்தது. இதை 2023இலேதான் கண்டறிந்து வெளியிட்டார்கள். படங்களோ முப்பது வருடம் கைவசம் இருந்தன! இந்திய அரசு 2024இல் ஒப்புதல் அளித்த வெள்ளி விண்கலத்திலும் ராடர் செல்லவிருக்கிறது.