எட்டா ஜோன்ஸின் மூச்சு

எட்டா ஜோன்ஸ் என்று பெயரைச் சொன்ன மாத்திரத்தில், ‘எட்டா ஜேம்ஸைத்தானே சொல்கிறீர்கள்?’ என்று கேட்பவர்கள் மேல்நாட்டுச் சங்கீதத்தில் பழக்கமுள்ளவர்களிலேயே அநேகர். அவர் வேறு, இவர் வேறு. தென் கரோலினாவில் 1928-இல் பிறந்து, 1944-லேயே இசைத்தட்டில் பாடிவிட்ட போதிலும், பிறகு வாய்ப்புகள் அருகிப்போய், ஜீவனத்தின் பொருட்டு லிஃப்ட் இயக்கியும், துணி தைத்தும், பிறர் பாடிய இசைத்தட்டுகளை உறையில் இட்டும் காலந்தள்ளிய இந்த ஜாஸ் பாடகி, 1960 ஜூன் 21 அன்று நியூஜெர்ஸியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் ‘டோண்ட் கோ டு ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ என்ற ஆல்பத்தைப் பாடிப் பதிவு செய்தார். பிரெஸ்டீஜ் கம்பெனி அதை வெளியிட்டது. தலைப்புப் பாட்டு நாடெங்கும் ஒலித்தது. பிறர் தட்டுகளுக்கு உறை மாட்டிய கைகளுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

அவருடைய சாரீரத்தைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே பேச அனுமதி தாருங்கள், மற்றவற்றைக் குறைத்துக்கொள்கிறேன். ராய் ஹேன்ஸின் டிரம்மும் ஜார்ஜ் டுவிவியரின் பேஸும் தாளத்தை அட்சரம் பிசகாமல் கொண்டுசெல்ல, அந்தத் தாளம் தம்மைக் கடந்து போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, அதன் பின்னாலேயே நிதானமாக வந்து சொல்லை வைப்பார். வைத்த சொல்லின் கடைசியைச் சட்டென்று உடைத்து, குரலை ஒரு கணம் மேலே தூக்கி விட்டுவிடுவார். பிராங்க் வெஸ் டெனர் சாக்ஸபோனில் பதில் சொல்லும்போது, பாடகியின் மூச்சு மைக்கின் அருகில் கேட்கிறதே, அதைத்தான் நான் இந்த ஆல்பத்தின் பிராணன் என்பேன்.

அந்த மூச்சைப் பிடித்துவைத்தவர் ரூடி வான் கெல்டர். முன்பு பகலில் கண் பரிசோதகராகத் தொழில் செய்துகொண்டே, ஹேக்கன்சாக்கில் தம் பெற்றோர் வீட்டு முன்னறையில் ஒலிப்பதிவு செய்தவர். உயர்ந்த மரக்கூரையோடு அவர் 1959-இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் எழுப்பிய கூடத்தில் ஒலி எழும்பித் திரும்பும் அழகே தனி. பல வருஷங்களுக்குப் பின், 2006-இல், இதே ஆல்பத்தை மறுபடி வெளியிட முனைந்தபோது, மூல நாடாவை முன்னால் வைத்துக்கொண்டு மீண்டும் ஒலி திருத்தி அமைத்தவரும் அவரேதான். அன்று கூடத்தில் நின்று கேட்ட அதே காது, மறுவெளியீட்டுக்கும் நீதிபதியாக வாய்ப்பது எத்தனை தட்டுகளுக்குக் கிடைக்கும் பாக்கியம், சொல்லுங்கள்!

இந்தப் பாக்கியம் ஏன் பெரிதென்று விளங்க, ஒலிக் காப்பகத்தில் நான் வேலை பார்த்த நாட்களில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். ஒரு வித்துவானின் பழைய கச்சேரி நாடாவை எங்களிடம் இருந்த இளைஞர் ஒருவர் வெகு சிரத்தையோடு இரைச்சல் நீக்கிக் கொண்டுவந்தார். கேட்டோம், துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது. தம்பூராவைத்தான் காணோம்! இடைவிடாமல் ஒரே சீராக ஒலிப்பதையெல்லாம் இரைச்சல் என்று கருதும், அவர் பயன்படுத்திய மென்பொருள், சுருதியையும் சேர்த்தே கழித்துவிட்டிருந்தது. நாடாவின் மெல்லிய சீறலை அடியோடு ஒழித்தே தீருவேன் என்று புறப்படுகிறவர்களிடம் எட்டா ஜோன்ஸின் மூச்சும், சிம்பலின் ஓய்ந்து மறையும் நாதமும் இதே கதிக்குத்தான் ஆளாகும். கொஞ்சம் சீறல் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் அபிப்பிராயம்.

எனக்குத் தந்த நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது. 2008-இல் இந்த ஆல்பம் கிராமி கௌரவ மண்டபத்தில் சேர்க்கப்பட்டதையும், அதைக் காண அம்மையார் இல்லை, 2001-லேயே காலமாகிவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுவெளியீட்டை வாங்குவோர், செல்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் ஒரு தடவை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாமல், நல்லதொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ரிச்சர்ட் வயண்ட்ஸின் பியானோவிலிருந்து தொடங்கிக் கேட்பார்கள் என்று நம்புகிறேன்.