விண்ணப்பம் பிச்சையன்று, பிள்ளையின் உரிமை
(ஒஸ்லோ வாழ் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமான உரையின் எழுத்துவடிவம்)



விசேட தேவையுடைய பிள்ளையைப் பெற்ற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே விடைதான் ஒலிக்கின்றது: "சமாளிக்கிறோம்." ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியும், கையேந்துவது இழிவு என்றெண்ணியும் பெற்றோர் அவ்வாறு கூறுகின்றனர். தாயின் உறக்கமற்ற இரவுகள் அச்சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றன. அலுவலகமோ அதனை "உதவி தேவையில்லை" என்றே விளங்கிக்கொள்கின்றது.

இந்நாட்டிலும் இவ்வுரிமை இலகுவாகக் கிடைத்ததன்று. வளர்ச்சிக்குறைபாடுடையோர் பலர் முன்னர் பெரும் நிலையங்களில் வைக்கப்பட்டிருந்தனர். அங்குள்ள வாழ்நிலை ஏற்கத்தக்கதன்று என 1985இல் லோசியுஸ் குழு அறிக்கையிட்டது. 1991இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் அப்பொறுப்பை நகரசபைகளிடம் ஒப்படைத்தது. வீட்டிலும் சமூகத்திலும் வாழ்ந்தபடியே உதவி பெறுவது அன்றுமுதல் நாட்டின் கொள்கையாயிற்று.

தட்டவேண்டிய கதவுகள் இரண்டு. முதலாவது நாவ். பிள்ளைக்குத் தேவைப்படும் மேலதிகப் பராமரிப்புக்கான யெல்பஸ்தொனாட் எனும் வரியற்ற உதவிப்படிக்கு அங்கே விண்ணப்பிக்கலாம். இரண்டாவது, வசிக்கும் பிதேலின், அதாவது நகரப் பிரிவின், விண்ணப்ப அலுவலகம். பெற்றோர் ஓய்வுபெறப் பிள்ளையைப் பொறுப்பேற்கும் அவ்லாஸ்ட்னிங், பிள்ளையை வெளியே அழைத்துச் செல்லும் துணையாளர், பராமரிக்கும் பெற்றோருக்கான கொடுப்பனவு ஆகியன அங்கே கோரப்படுகின்றன. 2022 ஆகஸ்ட் முதல், நீண்டகாலக் கூட்டுச்சேவை தேவைப்படும் கடுமையான குறைபாடுடைய பிள்ளையின் குடும்பத்திற்குப் பிள்ளை இணைப்பாளர் ஒருவரைப் பெறும் உரிமையும் உண்டு.

விண்ணப்பத்தில் நோயின் பெயர் மட்டும் போதாது. அதே வயதுடைய ஏனைய பிள்ளைகளுக்குத் தேவைப்படாத எந்த உதவி இப்பிள்ளைக்குத் தேவை என்பதே கேள்வி. "ஓட்டிசம் உண்டு" என்பதைவிட, "இரவில் மூன்று முறை எழும்புகிறான், உணவூட்ட ஒவ்வொரு முறையும் 45 நிமிடம் செல்கிறது, கதவு திறந்திருந்தால் வீதிக்கு ஓடுகிறான்" என்பது பயனுடையது. இரண்டு வாரங்கள் நாட்குறிப்பு எழுதி, மருத்துவர், பாடசாலை ஆகியோரின் அறிக்கைகளுடன் இணைத்தல் நன்று. நல்ல நாளை மட்டுமன்றிக் கடினமான நாளையும் எழுதுதல் வேண்டும்.

மொழி தடையாகாது. 2022 முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்புச் சட்டத்தின்படி, தேவையானவிடத்துத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது அலுவலகத்தின் கடமை. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைத்தலாகாது. தம்பியின் குறைபாட்டைத் தாயின் கண்ணீருக்கிடையே பத்து வயது அக்கா மொழிபெயர்ப்பது அவளுக்கும் அநீதி. அலுவலரும் மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள்.

முடிவு எழுத்தில் காரணத்துடன் வரல் வேண்டும். மறுக்கப்பட்டால் அதுவே இறுதியன்று. நகரப் பிரிவின் முடிவுக்கு எதிராக நான்கு வாரங்களுக்குள்ளும், நாவின் முடிவுக்கு எதிராக ஆறு வாரங்களுக்குள்ளும் முறையிடலாம். நகரப் பிரிவு தன் முடிவை மாற்றாவிடின், முறையீடு மாநில ஆளுநர் அலுவலகத்திற்குச் செல்லும். நோயாளர், பயனாளர் குறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

பதினெட்டு வயதைப் பெற்றோர் மறத்தலாகாது. அன்றுடன் பெற்றோரின் சட்டப் பொறுப்பு முடிவடைகின்றது. சட்டப் பாதுகாவலர், இயலாமைக் கொடுப்பனவு, தனி வதிவிடம் என்பவற்றுக்கான ஆயத்தத்தை ஓரிரு ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்குதல் வேண்டும்.

இளையோர்களே, நோர்வேஜிய மொழியில் தேர்ந்த உங்கள் கைகள், வளர்ந்த பின்னர் அயல்வீட்டுத் தாயொருத்தியின் படிவத்தை நிரப்ப உதவட்டும். பெற்றோர் என்றென்றும் இருக்கப்போவதில்லை. அவர்களுக்குப் பின்னும் அப்பிள்ளையைத் தாங்கும் ஏற்பாடு, இன்று எழுதப்படும் விண்ணப்பத்திலிருந்தே தொடங்குகின்றது.