கள்ளுண்ணாமையும் மதுவிலக்கும்



கள்ளுண்ணாமை அதிகாரத்தை வள்ளுவர் பொருட்பாலில், சூதுக்கு முன்னர் வைத்தார். அரசியல் பேசும் பாலில் வைத்தும், பத்துக் குறள்களுள் ஒன்றிலேனும் கள்ளை ஒழிக்குமாறு மன்னனை அவர் ஏவவில்லை. உண்ண வேண்டா என்கிறார். சான்றோர் மதிப்பை வேண்டாதவர் விரும்பின் உண்ணட்டும் என விட்டும் விடுகிறார். நாணத்தைத் தூண்டுதல் ஒன்றே அவர் கருவி.

1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் இராசாசி கொணர்ந்த மதுவிலக்கோ சட்டம். இவ்விரண்டிலும் மயக்கமில்லை, மயக்கம் இடைநிலத்தில்தான்.

இந்த ரெட்டியார்பாளையத்தின் ஊடே விழுப்புரம் நெடுஞ்சாலை செல்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் பணித்தது. சாலை விபத்தைக் குறைப்பதே நோக்கம். குடியைத் தடுக்கவில்லை, கடைக்கு நடக்கும் தொலைவையே கூட்டியது. நகராட்சி எல்லைக்குள் அது பொருந்தாதென 2017 சூலையில் விளக்கமும் வந்தது.

நோய்த்தொற்றுக் காலத்தில், 2020 மே மாதம், புதுச்சேரி அரசு மதுவுக்குச் சிறப்பு வரி விதித்தது. தமிழகத்து விலைக்கு இணையாக்கினால் அங்கிருந்து வருவோர் குறைவர் என்பது கணக்கு. 2021இல் அவ்வரி நீங்கியது. தடையென்று அதனை எவரும் அழைத்திலர். வசதியுடையார்க்கு அது சிறு சுளிப்பு. நாட்கூலியார்க்கோ ஏறத்தாழத் தடை. ஆயினும் பழகியவர் நிறுத்துவதில்லை, கூலியில் இன்னும் சிறிது எடுத்துச் செல்கிறார். குடியாத மனைவியின் உலையில் அரிசி குறைகிறது. பொருள் கொடுத்து அறிவின்மையை வாங்குவதை எள்ளிய வள்ளுவர், ஈன்ற தாயின் முகத்தை நினைவூட்டினார். அவ்வதிகாரத்தில் மனைவியை ஏனோ நினைந்திலர்.