தொப்பிக்கு மேல் எழாத நகரம்

(பத்தாண்டு நிறைவு விழா அரங்கில் ஆற்றிய உரை)

   

கவிஞர் கூடிய அவையில் மாநகராட்சி அலுவலகம் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வியக்கக்கூடும். நகரமைப்புத் துறை என்றதும் மனைப்பிரிவு, வரைபடம், முத்திரை, நெடிய காத்திருப்பு ஆகியவையே பலருக்கும் நினைவில் எழும். ஆயினும், ஏட்டில் எழுதப்படாத ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாநகரின் வானத்தையே காவல் காத்த ஓர் அலுவலர் இருந்தார். சொல்லின் வலிமையை அறிந்தோர் அவையில் அவர் கதை இடம் பெறுவது பொருத்தமே. அவர் பெயர் எட்மண்ட் பேக்கன். ஊர், அமெரிக்காவின் பிலடெல்பியா.

அந்நகரை வில்லியம் பென் 1682-இல் நிறுவினார். நேர்கோட்டுத் தெருக்கள், நடுவே ஒரு சதுக்கம், நான்கு புறமும் நான்கு சதுக்கங்கள் என்று தாமஸ் ஹோம் அதற்கு வரைபடம் வகுத்தார். அந்த நடுச் சதுக்கத்தில் 1871-இல் தொடங்கி 1901-இல் முடிந்த மாநகர மன்றக் கட்டடம் நிற்கிறது. அதன் உச்சியில் தொப்பியணிந்த பென்னின் வெண்கலச் சிலை. தரையிலிருந்து சிலையின் உச்சி வரை 548 அடி. அந்தத் தொப்பியின் விளிம்புக்கு மேல் எந்தக் கட்டடமும் எழலாகாது என்பது ஊர் வழக்கமாக இருந்தது. இதற்குச் சட்டம் இல்லை, அரசாணை இல்லை, கையொப்பமிட்ட தாள் ஒன்றுகூட இல்லை. கனவான்கள் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். கோபுரத்தை மிஞ்சிக் கூரை எழுப்பாத ஊர்களை அறிந்த தமிழர்க்கு இதில் வியப்பு ஏதும் இராது.

உயர்ந்த கட்டடம் எழுப்ப விரும்பி வந்தவர்களிடம், இது வெறும் கனவான்கள் ஒப்பந்தம்தான், தாங்கள் கனவானா என்பதே கேள்வி என்று பேக்கன் சொல்வாராம். வந்தவர் வாயடைத்துத் திரும்புவார். சட்டப் பிரிவைக் காட்டியிருந்தால் வழக்கறிஞரை அழைத்து வந்திருப்பார்கள்!

1910-இல் அதே நகரில் பிறந்த பேக்கன் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயின்று 1932-இல் பட்டம் பெற்றார். உலகைச் சுற்றினார், ஷாங்காயில் சிலகாலம் பணி செய்தார், பின்லாந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் எலியல் சாரினனிடம் பாடம் கேட்டார். மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் ஏழைகளுக்கான வீட்டுத் திட்டத்துக்கு வாதாடி, அவ்வூர்ப் பெரியவர்களின் பகையைத் தேடிக்கொண்டு வெளியேற நேர்ந்தது. இந்த முதல் தோல்வி முக்கியமானது. திட்டம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதை மக்கள் கண்ணால் காணச் செய்ய வேண்டும் என்ற பாடம் அவருக்கு அங்கேதான் கிடைத்திருக்க வேண்டும்.

அப்பாடத்தின் விளைவை 1947-இல் காணலாம். கிம்பல்ஸ் என்னும் பேரங்காடியில் 'மேலான பிலடெல்பியா' என்ற கண்காட்சி அமைந்தது. ஆஸ்கர் ஸ்டோனோராவும் லூயி கானும் பேக்கனுடன் அதில் உழைத்தார்கள். அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தையும் டாக்கா நாடாளுமன்றத்தையும் பின்னாளில் வடித்த அதே கான்தான். நகர நடுப்பகுதியின் பெரிய மாதிரி ஒன்று வைத்தார்கள். விளக்கவுரை ஒலிக்க ஒலிக்க அதன் பகுதிகள் ஒவ்வொன்றாகப் புரண்டு, இருக்கும் நகரம் மறைந்து வரப்போகும் நகரம் தோன்றும். ஏறத்தாழ 3,85,000 பேர் வந்து பார்த்தார்கள். துணி வாங்க வந்த கூட்டம் தன் ஊரின் எதிர்காலத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியது. அரசு அலுவலகச் சுவரில் தொங்கவிட்டிருந்தால் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

1949-இல் நகரத் திட்டக் குழுவின் செயல் இயக்குநராக அமர்ந்த பேக்கன், 1970 வரை அப்பதவியில் இருந்தார். இருபத்தோராண்டு, நான்கு மேயர்கள். இப்பதவியின் அதிகாரம் எவ்வளவு என்று கேட்டால், மிகச் சிறிது என்பதே விடை. திட்டக் குழு பரிந்துரைக்கலாம், ஆணையிட இயலாது. நிலத்தைக் கையகப்படுத்துவது வேறொரு வாரியம், பணத்தை ஒதுக்குவது நகர மன்றம், கட்டுவது தனியார். 1951-ஆம் ஆண்டின் நகரச் சாசனம் குழுவுக்கு ஒரு கருவியைத் தந்தது: அடுத்த ஆறாண்டுகளில் நகரம் எந்தப் பாலம், எந்தப் பள்ளி, எந்தப் பூங்காவுக்கு எவ்வளவு முதலீடு செய்யும் என்ற பட்டியலை ஆண்டுதோறும் தயாரித்து மேயருக்கு அளிக்கும் பொறுப்பு. கண்ணைக் கவராத வேலைதான். ஆனால் கனவு எந்த ஆண்டு செங்கல் ஆகும் என்பதைத் தீர்மானிக்கும் பட்டியல் அது. எஞ்சியதெல்லாம் பேச்சு, பிடிவாதம், தக்க வேளையில் வரைபடத்தோடு தக்க மனிதர் முன் நிற்கும் திறன்.

அப்படியும் எல்லாம் கைகூடவில்லை. நகர நடுவே இருப்புப் பாதையைத் தாங்கிய உயர்ந்த கல்மதில் ஒன்று ஊரை இரண்டாகப் பிரித்தது. மக்கள் அதைச் சீனப் பெருஞ்சுவர் என்று கேலி செய்தார்கள். 1952-இல் அங்கிருந்த நிலையம் மூடப்பட, அடுத்த ஆண்டு மதில் இடிபட்டது. அவ்விடத்தில் தரைக்குக் கீழே, வானம் பார்த்த திறந்த முற்றங்களும் கடைவீதியுமாக ஒரு தளத்தை பேக்கன் கற்பனை செய்திருந்தார். நிலம் இரயில்வே நிறுவனத்துக்குச் சொந்தம். பென் சென்டர் என்ற பெயரில் அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. முற்றங்களில் பெரும்பாலானவை மூடுண்டன.

சொசைட்டி ஹில் பகுதியில் அவர் கை ஓங்கியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுச் செங்கல் வீடுகள் பாழடைந்து கிடந்த இடம் அது. அக்காலத்தில் பிற நகரங்கள் இத்தகைய பகுதிகளை வேரோடு இடித்துத் தள்ளின. பேக்கன் பழைய வீடுகளைப் புதுப்பிக்கச் செய்தார், அருகிருந்த மொத்தக் காய்கனிச் சந்தை 1959-இல் நகரின் தென்பகுதிக்குப் பெயர்ந்தது, வீடுகளுக்கிடையே நடைபாதைகள் பின்னப்பட்டன, ஐ. எம். பெய் வடித்த மூன்று கோபுரங்கள் 1964-இல் நிறைவெய்தின. அவ்வாண்டு நவம்பரில் 'டைம்' இதழின் அட்டையில் பேக்கனின் முகம் வந்தது. இன்று அத்தெருக்களில் நடப்போர் அவரை வாழ்த்துவார்கள்.

ஆனால் அவ்வீடுகளில் முன்பு குடியிருந்தவர் யார்? வாடகைக்கு இருந்த ஏழைகள். அவர்களுள் கறுப்பின மக்களும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறியோரும் பலர். குறித்த தரத்துக்கு வீட்டைப் புதுப்பிக்க இயலாத உரிமையாளர் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. வாடகைக்காரர் பேச்சுக்கே இடமில்லை. செங்கல்லைக் காப்பாற்றிய திட்டம் உள்ளே வாழ்ந்தவரைக் காப்பாற்றவில்லை. கலைஞனின் கண் உருவத்தில் மயங்கும்போது இது நேர்கிறது. கவிதைக்கும் இது புதிதன்று.

இதனினும் கசப்பானது சவுத் தெருவின் கதை. நகர நடுப்பகுதியைச் சுற்றி விரைவுச் சாலை வளையம் அமைய வேண்டும் என்பது திட்டம். அதன் தென்பகுதி, கறுப்பின மக்கள் மிகுந்த சவுத் தெருவை ஒட்டிச் செல்லும். பேக்கன் இதை ஆதரித்தார். சாலை வரவில்லை, வரைபடத்தில் கோடு மட்டும் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. இடிபடப்போகும் வீட்டுக்கு யார் ஓடு மாற்றுவார்? எந்த வங்கி கடன் தரும்? கடைகள் மூடின, சுவர்கள் சரிந்தன. ஒரு கல்லும் பெயர்க்கப்படாமலே ஒரு தெரு அழியத் தொடங்கியது. காகிதத்தில் இட்ட கோட்டுக்கு இத்துணை வலிமை உண்டு என்பதை அத்துறையில் இருப்போர் இரவுதோறும் நினைக்க வேண்டும்.

அத்தெரு மக்கள் சும்மா இருக்கவில்லை. ஆலிஸ் லிப்ஸ்கம்ப் என்னும் கறுப்பினப் பெண்மணி முன்னின்று குழு அமைத்தார். 1968-இல் டெனிஸ் ஸ்காட் பிரவுன் என்ற நகரமைப்பு வல்லுநர் அவர்களுக்காக மாற்றுத் திட்டம் வரையத் துணை வந்தார். சாலை இல்லாமலே தெருவைச் சீராக்கலாம் என்பது அவர்கள் வாதம். நெடுநாள் போராட்டத்துக்குப் பின், எழுபதுகளில் விரைவுச் சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் வாடகை மலிந்திருந்த அத்தெருவில் ஓவியர்களும் நாடகக்காரர்களும் குடியேறியிருந்தார்கள். கோடு செய்த தீமையிலும் கலைஞர்க்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது என்பது விந்தைதான்.

பேக்கன் ஓய்வு பெற்ற பிறகு, 1984-இல் வில்லார்டு ரவுஸ் என்பவர் பென்னின் தொப்பியைத் தாண்டிக் கட்ட அனுமதி கோரினார். ஊரே இரண்டுபட்டது. முதியவர் பேக்கன் எதிர்த்து முழங்கினார். நகர மன்றம் அனுமதி தந்தது. 1987-இல் 945 அடி உயரத்தில் 'ஒன் லிபர்ட்டி பிளேஸ்' எழுந்தது. கையொப்பம் இல்லாத ஒப்பந்தத்துக்கு ஆயுள் அவ்வளவே. அதன்பின் ஊர் விளையாட்டு அணிகள் வாகை சூடாமல் போனதற்குப் பென்னின் சாபமே காரணம் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். 2007-இல் அதனினும் உயர்ந்த புதிய கட்டடத்தின் உச்சி விட்டத்தில் தொழிலாளர்கள் சின்னஞ்சிறு பென் சிலை ஒன்றைப் பொருத்தினார்கள். அடுத்த ஆண்டே பேஸ்பால் அணி வென்றது! சட்டம் ஆகாத வழக்கம் புராணம் ஆகிவிட்டது.

இன்னொரு காட்சி. மாநகர மன்றத்தின் அருகே, பேக்கன் மாணவப் பருவத்திலேயே சிந்தித்து, 1965-இல் உருவான சதுக்கம் ஒன்று உண்டு. ராபர்ட் இண்டியானாவின் 'லவ்' சிற்பம் வந்த பின் அதற்கு 'லவ் பூங்கா' என்று பெயர். அதன் கல்படிகளில் இளைஞர்கள் சறுக்குப் பலகை ஓட்டினார்கள். உலகெங்கும் அவ்விளையாட்டினர் அறிந்த தலமாயிற்று. மாநகராட்சி அதைத் தடை செய்தது. 2002 அக்டோபரில், தொண்ணூற்றிரண்டு வயதுப் பேக்கன் அங்கே வந்தார். எந்த நகரத்தின் ஆட்சியில் இருபத்தோராண்டு அமர்ந்திருந்தாரோ அந்த நகரத்தின் ஆணையை மீறுவதாக வெளிப்படையாக அறிவித்தார். இருபுறமும் ஆட்கள் தாங்கிப் பிடிக்க, பலகையில் ஏறிச் சில அடி தூரம் சறுக்கினார். தாம் எண்ணாத ஒன்றைத் தம் கற்களில் பிள்ளைகள் கண்டுபிடித்தார்களே என்ற மகிழ்ச்சி அவருக்கு.

2005 அக்டோபரில் அவர் மறைந்தபோதும் தடை நீங்கியிருக்கவில்லை. 2016 பிப்ரவரியில், பூங்காவைப் பெயர்த்துப் புதிதாக அமைக்கத் தொடங்கும் முன், சில நாட்களுக்கு மட்டும் அதை விலக்கினார்கள். குளிரில் இளைஞர்கள் திரண்டு வந்து, பழைய கற்களின் மேல் கடைசியாக ஒருமுறை ஓட்டினார்கள்.